தைலப் புட்டி மூடியும் திரும்பாத வட்டமும்

காதர் பாயின் கிட்டங்கியில் தங்கவேலு தொங்கிக்கொண்டிருந்தார்.

பதற வேண்டாம், உயிரோடுதான். தொடையிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல, தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலே. தலைக்கு மேல் உத்தரத்தில் அவருடைய பாரசூட் துணி, பழைய சாக்குகளின் மேல் போர்த்திக் கிடந்தது. நான் ஸ்டூலில் ஏறி நின்று, தைலப் புட்டி மூடி ஒன்றை அந்தத் துணியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல்தான். ஆனாலும் கொடைக்கானலில் பிற்பகலுக்கு நம்பிக்கை கிடையாது. திறந்திருந்த கதவு வழியே மேகம் உள்ளே வந்து, பூண்டு மூட்டைகளின் நடுவே பூனை மாதிரி படுத்துக்கொண்டது. கிட்டங்கி முழுக்கப் பூண்டு வாசனை. ஈரச் சாக்கு வாசனை. உத்தரம் லேசாக முனகியது.

"என்னக்கா தெரியுது?" என்றாள் முத்துலட்சுமி. தங்கவேலுவின் மனைவி. கதவுக்குப் பக்கத்தில், புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

எனக்குத் தெரிந்தது. மூடியை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தேன்.

அந்த மூடியில் நான் பார்த்தது உங்களுக்கும் விளங்க வேண்டுமென்றால், நான் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு நான் பின்னால் போவது பழகியிருக்கும்.

துணிக்கு வலிக்கிற இடம்

செண்பகனூர் சாலையில் என் கடை. போர்டில் டென்ட் ரிப்பேர் என்று இருக்கும். தார்ப்பாய், மழைக்கோட்டு, நிழல்வலை, முதுகுப்பை என்று வளைகிற எதையும் தைத்துக் கொடுப்பேன். ஊரில் எனக்கு 'டென்ட் அக்கா' என்று பெயர். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கிழிந்ததைப் பார்த்துப் பார்த்து, ஏன் கிழிந்தது என்று துணியிடமே கேட்டுக் கேட்டு வந்த தொழில்.

ஆரம்பத்தில் ஒரு முகாம்காரர் டென்ட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பக்கச் சுவர் நட்டநடுவில் பிளந்திருந்தது. தையல் விட்டிருந்தால் புரியும், ஆணி கிழித்திருந்தால் புரியும். இது வெறும் வெளியில், காற்றே இல்லாத ஒரு காலையில், தானாக வாய் திறந்திருந்தது. "யாருமே தொடலக்கா, படார்னு சத்தம் மட்டும் வந்துச்சு" என்றார்.

அன்று முதல் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. இரும்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். மரம் விரிந்தால் சத்தம் போடும். துணி மட்டும் எவ்வளவு இழுபட்டாலும் முகத்தில் காட்டாது. ஏதோ ஒரு மூலையில் கட்டிய கயிற்றின் வலியை இன்னொரு மூலையில் வைத்திருக்கும்.

அந்த வலியைக் காட்டவைக்க எனக்குக் கிடைத்த வழி, மேசையில் கிடந்த யூகலிப்டஸ் தைலப் புட்டியின் மூடி. மூடியைத் துணியில் வைத்து, அழியாத மையில் சுற்றி வட்டம் போடுவேன். வரிசை வரிசையாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. பிறகு துணியை இழுத்துக் கட்டினால், வலி இருக்கும் இடத்தில் வட்டம் முட்டையாகிவிடும். முட்டையின் நீளப் பக்கம் எந்தத் திசையோ அந்தத் திசையில் இழுப்பு. அதே மூடியை அதன் மேல் வைத்தால், இரண்டு ஓரத்திலும் மை பிறை மாதிரி வெளியே நிற்கும். பிறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாரம்.

கட்டை அவிழ்த்தால் முட்டை மறுபடி வட்டமாக வேண்டும். அது நல்ல துணி. அளவுக்கு மீறித் தாங்கிய துணியிலும், ஓயாமல் தாங்கிய துணியிலும் வட்டம் திரும்பாது. முட்டை முட்டையாகவே நின்றுவிடும்.

மைக்குப் பாரமில்லை

ஒரு சீசனில், சமவெளியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் கிழிந்த மழைக்கோட்டோடு கடைக்கு வந்தார். பாரசூட் துணிகளைப் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை பார்த்தவராம். என் வட்டங்களைப் பார்த்ததும் கோட்டை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இரும்பு எவ்வளவு இழுபடுதுன்னு பாக்க, மெல்லிசா கம்பி வச்ச வில்லை ஒண்ணு ஒட்டுவோம். இரும்பு நீண்டா கம்பியும் நீளும், மின்சாரத்துல தெரிஞ்சிரும்" என்றார். "துணியில அத ஒட்டினா, ஒட்டின எடம் அட்டை மாதிரி வெறைச்சுப்போகும். அப்புறம் நாங்க அளக்கிறது துணிய இல்ல, எங்க பசையத்தான்."

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"துணி அளவுக்கே நெகிழ்ற மாதிரி அளக்குற பொருளைத் தேடிட்டே இருப்போம். துணிக்குத் தெரியாம துணிய அளக்கணும். அதுதான் எங்க பொழப்பு."

டீ குடித்துக்கொண்டே வெகுநேரம் பேசினோம். பாரசூட் விரியும் அந்த நொடியில், எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று சரியாகப் பிடிப்பது இன்னும் பெரிய பாடு என்றார். போகும்போது, "உங்க மை நல்ல யோசனை. அதுக்குப் பாரமே இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லை நான் பல வருடம் வெல்லக்கட்டி மாதிரி வாயில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

சொல் என்றதும் இன்னொன்று. பூண்டி கிராமத்துப் பக்கம் பூண்டு மூட்டை கட்டுகிறவர்கள் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, தொய்ந்திருந்தால் "கயிறு தூங்குது" என்பார்கள். விறைப்பாக இருந்தால் "முழிச்சிருக்கு". விரலால் ஒரு சுண்டு. தூங்குகிற கயிறு பேசாது. முழித்திருக்கும் கயிறு 'ம்ம்' என்று சொல்லும். எந்தக் கூடத்து அம்மாவும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

பூண்டுச் சாக்கில் ஒரு குடை

முத்துலட்சுமி பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளனே வந்துவிட்டாள். நான் கடைக் கதவைத் திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிதுங்கிய பூண்டுச் சாக்கு.

"பூண்டா? நான் வாங்குறதில்லையே. காதர் பாய் கடை அடுத்தது" என்றேன்.

"பூண்டு இல்லக்கா. அவுக குடை."

தங்கவேலுவின் குடை, அதாவது அந்தப் பாரசூட். எனக்குத் தெரிந்த குடைதான். அவர் சில வருடம் வடக்கே மலை ஊர் ஒன்றில் விடுதிச் சமையலுக்குப் போனவர். அங்கே மலை முகட்டிலிருந்து குடை கட்டிக் குதித்துப் பறக்கிறவர்களோடு பழகி, தானும் கற்றுக்கொண்டு, பழைய குடை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பூண்டுக் காட்டு வேலை முடிந்த நாட்களில் புல்மேட்டிலிருந்து பறப்பார். ஊரே நின்று பார்க்கும். வாங்கி வந்த புதிதில் என்னிடம்தான் காட்டினார். நான் துணியை ஊதிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் மூடியால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"என்னாச்சு இதுக்கு?"

சொன்னாள். மழைக்காலம் தொடங்கும் சமயம், ஒருநாள் பறந்தவர் மேலேயே இருந்தபோது மேகம் இறங்கிவிட்டது. முகட்டுக்குப் பின்னால் இருக்கிற சோலையில் மரத்தின் மேல் போய் விழுந்தார். குடை கிளையில் மாட்டிக்கொண்டது. பொழுது சாய்கிற நேரத்துக்கு நடந்தே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. "கொக்கியக் கழட்டிட்டு எறங்கிட்டேன்" என்று சொன்னாராம். மழை முழுக்கக் குடை அங்கேயே தொங்கியது. மழை விட்ட பிறகு, தேன் எடுக்கப் போனவர்கள் கயிறுகளை அறுத்துக் குடையை மீட்டு வந்து கொடுத்திருக்கிறார்கள்.

"நல்லபடியா வந்துட்டாருல்ல. பெறகென்ன?"

முத்துலட்சுமி சாக்கின் வாயை முறுக்கினாள்.

"மறுபடி பறக்கணுங்கிறாக. மேகம் தெளிஞ்சதும் போறேங்கிறாக. நீங்க இந்தத் துணி போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாக."

"பாக்காம எப்படிச் சொல்ல?"

"பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா போச்சுன்னு சொல்லுங்க."

சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அதுலருந்து அவுக பசிக்குதுன்னு சொன்னதே இல்லக்கா. போட்டா திங்கிறாக. போடலன்னா கேக்கிறதில்ல. நாக்காலில உக்காந்தா காலைத் தரையில ஊண மாட்டாக. தொங்கவே போட்டிருப்பாக. அவுக செருப்பு பாருங்க, மழைக்கு முன்னாடி வாங்குனது. தெனமும் காட்டுக்குப் போட்டுட்டுத்தான் போறாக."

சேலை மடிப்பிலிருந்து ஒரு செருப்பை எடுத்துக் காட்டினாள். அதையும் சாக்கில் கட்டிக் கொண்டுவராமல் மடியிலேயே வைத்திருந்திருக்கிறாள். அடிப்பக்கத்து வரிகள் கடையில் இருந்தபடியே இருந்தன. குதிகால் தேயவே இல்லை.

"என்னன்னு நெனைக்கிற?"

"தெரியலக்கா. இந்தக் குடையோட அவுக இன்னொருக்க மேல போனா, பெறகு எனக்குக் கெடைக்க மாட்டாக. அது மட்டும் தெரியுது."

அவருக்குப் போன் போட்டு வரச் சொல் என்றேன். போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே அவர் பெயர் இல்லை. 'வீடு' என்று இருந்தது. பூண்டியில் அவள் வயதுப் பெண்களிலும் புருஷன் பெயரைச் சொல்லாதவர்கள் உண்டு. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுவாளாம். "கல்யாணமானதுலருந்து சொன்னதில்ல" என்றாள், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

முட்டைகள்

குடையைக் கடைத் தரையில் விரித்தேன். ஈரம், பாசி, நசுங்கிய இலை. சோலைக்குள் வெயில் விழாததால் வண்ணம்கூட மங்கவில்லை. வலப் பக்கத்துத் துணியில் வாயை வைத்து உறிஞ்சினேன். காற்று வரவில்லை. நல்ல துணி. மூடியை எடுத்து வட்டங்களின் மேல் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

இடப் பக்கம் வந்தேன்.

அங்கே வட்டமே இல்லை. எல்லாம் முட்டை. வரிசை வரிசையாக, எல்லா முட்டையின் மூக்கும் ஒரே இடத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இடத் தோள்பட்டை வார் மாட்டுகிற இடத்தை. அந்தப் பக்கத்தில் அறுபடாமல் இருந்த கயிறுகளை வலப் பக்கத்துக் கயிறுகளோடு ஒட்டி வைத்து அளந்தேன். ஒரு விரல் அகலம் நீண்டிருந்தன.

இதற்கு ஒரே பொருள்தான். அந்த மழைக்காலம் முழுக்க, இடப்பக்க வாரில் கனமான ஏதோ ஒன்று தொங்கியிருக்கிறது.

நான் பேய் பிசாசுக்காரி இல்லை. முதலில் தோன்றியது மழைத் தண்ணீர்தான். பறக்கிறவர்கள் உட்காரும் இருக்கை பெரிய முதுகுப்பை மாதிரி இருக்கும். அதை மரத்திலேயே விட்டு வந்திருந்தால், மழையில் நிரம்பிக் குடமாகத் தொங்கியிருக்கும்.

"இருக்கைய அங்கயே கழட்டி விட்டுட்டு வந்தாரா?"

"இல்லக்கா. அத முதுகுல மாட்டிட்டுத்தான் வந்தாக. மூட்டை தூக்கிட்டு வர்ற மாதிரி. நான்தான் வாங்கிக் காயப்போட்டேன்."

"தேன்காரங்க பாக்குறப்ப வாருல எதாச்சும் மாட்டியிருந்துச்சா? ஒடிஞ்ச கிளை, எதாவது?"

"நானும் கேட்டேன். வெறுங்கொக்கிதான் தொங்குச்சாம். ஆனா அறுக்கிறப்ப கயிறு அம்புட்டு வெறைப்பா இருந்துச்சுன்னாக. அறுத்ததும் கிளை துள்ளி மேல போச்சாம்."

அவள் செருப்பை மறுபடி மடியில் சொருகிக்கொண்டாள்.

மூட்டைக்குப் பதில் ஆள்

தங்கவேலு வந்தபோது அவரிடம் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. அதே மெலிந்த உடம்பு, அதே கூச்சச் சிரிப்பு. இடத் தோள் மட்டும் ஒரு சட்டை மடிப்பு அளவுக்கு ஏறியிருந்ததோ என்னவோ. யாரோ அந்தப் பக்கம் மட்டும் பிடித்துத் தூக்குவது போல. அது என் கண்ணாகவும் இருக்கலாம்.

"தண்ணிதாங்க்கா. பாசி, தண்ணி. மலை மழையில எல்லாந்தான் கனக்கும்" என்றார்.

"இருக்கலாம். எவ்வளவு கனம்னு பாத்துரலாம்" என்றேன். முட்டை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியும். அந்த அளவு நீள எவ்வளவு பாரம் வேண்டும் என்று கண்டுபிடித்தால், தொங்கியது பாசியா பாறையா என்று தெரிந்துவிடும்.

என் கடைக் கூரை தாழ்வு. அதனால்தான் காதர் பாய் கிட்டங்கி. பூண்டு மூட்டை தூக்கி நிறுக்கிற உயர உத்தரமும் தொங்கு தராசும் அங்கே உண்டு. பாய் வயதில் என்னைவிடப் பெரியவர். வாய் அதைவிடப் பெரிது.

"என்ன தங்கச்சி, மனுசன வெலைக்கு எடுக்கப்போறியா? பூண்டு ரேட்டே எறங்கிக் கெடக்கு. தங்கவேலு அதைவிட மலிவுதான் போவாரு."

"பாய், எம் பொண்டாட்டிகிட்ட கேட்டு ரேட் சொல்லுங்க" என்றார் தங்கவேலு.

முத்துலட்சுமி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

உத்தரத்துக்குச் சாக்குச் சுற்றிக் கிளை மாதிரி ஆக்கினோம். குடையை அதன் மேல் போட்டு, அறுந்த கயிறுகளுக்கு வேறு கயிறு முடிந்து, இடப்பக்க வாரைத் தொங்கவிட்டோம். பழைய முட்டைகளுக்குப் பக்கத்திலேயே மூடியால் புதிய வட்டங்கள் போட்டேன். முதலில் ஒரு சிறு மூட்டை மாட்டினோம். புது வட்டம் அசையவே இல்லை. இன்னொரு மூட்டை சேர்த்தோம். லேசாகக் கோணியது.

"மூட்டைய ஏத்தி எறக்கிட்டு எதுக்குங்க. நானே உக்காந்துர்றேன்" என்று இருக்கையை மாட்டிக்கொண்டு ஏறினார் தங்கவேலு.

உத்தரம் முனகியது. மேகம் உள்ளே வந்தது. நான் ஸ்டூலில் ஏறினேன்.

மூடி சொன்னது

இப்போது ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

புது வட்டத்தின் மேல் மூடியை வைத்தேன். இரண்டு பக்கமும் பிறை. பக்கத்திலிருந்த பழைய முட்டையின் மேல் வைத்தேன். அதே பிறை. அதே சாய்வு. அடுத்த ஜோடி. அதுவும் அப்படியே. புதியதுக்கும் பழையதுக்கும் மையின் நிறம் தவிர வித்தியாசமே இல்லை. அவர் உட்கார்ந்ததில் புது வட்டங்கள் எல்லாம் முட்டையாகியிருந்தன. பழைய முட்டைகள் ஒரு நூல்கூட அசையவில்லை. அவற்றைப் பொறுத்தவரை புதிதாக யாரும் வந்து உட்காரவில்லை.

"எறங்குங்க" என்றேன்.

பாயும் முத்துலட்சுமியும் பிடித்து இறக்கினார்கள். என் கண் முன்னாலேயே புது முட்டைகள் மெதுவாகச் சுருங்கி, ஒவ்வொன்றாக வட்டமாகின. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. பழையவை முட்டையாகவே நின்றன.

கீழே இறங்கி, தராசைப் பார்த்துக்கொண்டிருந்த பாயிடம் மூடியைக் கொடுத்து நீங்களே பாருங்கள் என்றேன். அவர் ஏறிப் பார்த்தார். இறங்கும்போது வாயில் பேச்சு இல்லை. காதர் பாய் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "மழை பூரா இதுல தொங்குனது உங்க எடைதான், தங்கவேலு. உங்க எடை, நீங்க உக்கார்ற சாய்வு."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் எறங்கிட்டேனேக்கா."

"எப்படி எறங்குனீங்க?"

"கொக்கியக் கழட்டி…" என்று தொடங்கி, இடது கையைத் தோளுக்குக் கொண்டுபோனார். விரல்கள் கொக்கியைத் தேடுவதுபோல அங்கேயே நின்றன. வெகுநேரம் நின்றன. "வலது கொக்கி கழட்டுனது ஞாபகம் இருக்கு. கீழ பாத்தேன். மேகம். தரை எங்கன்னு தெரியல. பெறகு… பெறகு வீட்டு வாசல்ல நிக்கிறேன். இவ தண்ணி கொண்டாந்தா."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்லீங்க."

முத்துலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. உத்தரத்தில் கிடந்த குடையைப் பார்த்தாள். "அப்ப அவுக இன்னும் எறங்கல" என்றாள், கடைசி பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல.

துணி போச்சு என்று சொல்லச் சொல்லி வந்தவள் அவள். இடப் பக்கம் போய்த்தான் விட்டது, பொய்யே தேவைப்படவில்லை. ஆனால் இப்போது அது அவளுக்குப் போதாது என்று எனக்கும் தெரிந்தது. குடையைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டாலும், மேலே தொங்குகிறவர் இறங்க வேண்டுமே.

பயந்த இடம்

முத்துலட்சுமியின் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டாம். யாராவது எங்காவது பயந்து வந்தால், பயந்த இடத்துக்கே அவரைக் கூட்டிப்போய், வீட்டு மனுஷி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வா, வீட்டுக்குப் போகலாம் என்று. மாட்டைப் பார்த்துப் பயந்த பிள்ளைக்குச் செய்வது. இதற்கும் செய்யலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பாய், "எனக்கு முட்டி வலி, நான் வரல. ஆனா போங்க, வெரசா போங்க" என்று வழிச்செலவுக்கு ஒரு பை கடலை மிட்டாய் கொடுத்தார்.

மறுநாள் நடுப்பகலுக்குச் சோலைக்குள் இருந்தோம். வழி தேன்காரர்கள் சொன்னது. ஆனால் தங்கவேலுதான் முன்னால் போனார், வழியைப் பார்க்காமலே. சோலைக்குள் பகலும் ஒரு பழைய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத்தான். மரங்களில் தாடி தாடியாகப் பாசி. எங்கள் காலடிச் சத்தத்தை இலைச்சருகு விழுங்கியது. மூன்று பேர் நடந்தோம். எனக்கு இரண்டு பேர் சத்தம்தான் கேட்டது. மூன்றாவதைக் கேட்கப் பலமுறை முயன்றேன்.

மரம் தெரிந்தது. கிளை உயரத்தில். தேன்காரர்கள் அறுக்காமல் விட்ட கயிறு ஒன்று அங்கிருந்து என் முகத்தின் உயரம்வரை இறங்கி நின்றது. முனையில் ஒரு சின்ன இரும்புக் கொக்கி. கொக்கியில் ஒன்றுமில்லை.

நின்றது என்று எழுதியிருக்கிறேன். தொங்கியது என்று எழுதக் கை வரவில்லை. காற்றில்லாவிட்டாலும் வெறுங்கயிறு ஒன்று கொஞ்சமாவது ஆடும், முறுக்கிக்கொள்ளும். இது ஆடவில்லை.

பழக்க தோஷம். விரலை நீட்டிச் சுண்டினேன்.

'ம்ம்' என்றது.

கயிறு முழித்திருந்தது. சுண்டு விரல் கனத்தில் ஒரு கொக்கியைத் தவிர முனையில் எதுவும் இல்லாத கயிறு. நான் விரலை எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது. அதிர்வு அடங்க வெகுநேரம் ஆனது. கிளை மேலே, மிகவும் லேசாக வளைந்திருந்ததைப் பார்த்தேன்.

தங்கவேலு எங்களுக்குப் பின்னால் நின்றார். மேலே பார்க்க மறுத்தார்.

"கூப்பிடு" என்றேன் முத்துலட்சுமியிடம்.

அவள் வாயைத் திறந்தாள். "ஏங்க…" என்றாள். கயிறு அப்படியே இருந்தது. "ஏங்க, வாங்க" என்றாள். விரலுக்குக் கீழே மாற்றமில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். 'ஏங்க' என்று கூப்பிட்டால் எந்த வீட்டு ஆள்தான் திரும்ப மாட்டார். அது யார் பெயரும் இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து சொல்லாத சொல் அது.

"தங்கவேலு" என்றாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது. பிறகு நிமிர்ந்து, காட்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "தங்கவேலூ… எறங்கி வாங்க. நான் நிக்கிறேன் கீழ. தரை இங்கதான் இருக்கு. வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

என் விரலுக்குக் கீழே கயிறு தளர்ந்தது.

அறுந்தால் வருகிற தளர்ச்சி இல்லை அது. ஒருவர் கவனமாக, அவசரமில்லாமல், காலை ஊன்றி இறங்கும்போது வருமே, அந்த மாதிரி. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பிறகு முழுக்க. மேலே கிளை நிமிர்ந்தது. நனைந்த இலைகள் எங்கள் மேல் தண்ணீரைக் கொட்டின. கயிறு ஒருமுறை முறுக்கிக்கொண்டு, சாதாரணக் கயிறு மாதிரி ஆடியது. சுண்டிப் பார்த்தேன். பேசவில்லை. தூங்கிவிட்டது.

ஈரம் ஏறிய கிளை, வெயில் பட்டு நிமிர்ந்திருக்கலாம். கொக்கி இழுத்திருக்கலாம். துணிக்குத் தெரியாமல் துணியை அளக்க வேண்டும் என்றாரே அந்த அம்மா, என் விரலே அந்தக் கயிற்றை மாற்றியிருக்கலாம். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முத்துலட்சுமி கண்ணைத் திறக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்குமே தைரியமில்லை. அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தும்மல். பிறகு கொஞ்சம் எரிச்சலான, சாதாரணக் குரல்.

"ஏய், பசிக்குது. ஏதாச்சும் கொண்டாந்தியா இல்லையா?"

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, பையைத் திறக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். காதர் பாயின் கடலை மிட்டாய் முழுதையும் அவர் ஒருவரே தின்று தீர்த்தார்.

திரும்பும்போது அவரை முன்னால் விட்டு, நான் பின்னால் நடந்தேன். ஓடையை ஒட்டிக் கொஞ்சம் சேறு. அவர் மிதித்துப்போன இடத்தில் குனிந்து பார்த்தேன். குதிகால் ஆழமாக இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் தண்ணீர் ஊறி நிறைந்தது.